பழைய லேப்டாப்பில் திரைக் கோளாறு: படம் எந்த இடத்தில் அறுபடுகிறது?

லேப்டாப் திரையில் கோடு விழுந்தாலும், திரை இருட்டாகிப் போனாலும், படம் நடுங்கினாலும் கடையில் நாம் சொல்வது "டிஸ்ப்ளே போயிடுச்சு" என்றுதான். கடைக்காரர் பேனலை, அதாவது படம் தெரியும் திரைப் பலகையை, மாற்ற வேண்டும் என்பார். இல்லாவிட்டால் மதர்போர்டில் (உள்ளே இருக்கும் முதன்மைப் பலகையில்) சிப் போய்விட்டது என்பார். இரண்டுக்கும் ஆகும் செலவு மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சில நேரம் இரண்டுமே தேவைப்படாது. டிரைவரைச் சரிசெய்தாலோ ரேமைக் கழற்றி மாட்டினாலோ திரை வந்துவிடும்.

எட்டுப் பத்து வருடம் ஓடிய லேப்டாப்பில் போடும் பணம் உருப்படியாகுமா என்பது, கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தில் வந்த விலையில்லா மடிக்கணினிகள் இன்னும் பல வீடுகளில் அலமாரியில் கிடக்கின்றன. "ஸ்கிரீன் வரல" என்று மூடி வைத்தவை அவற்றில் உண்டு. அப்படி ஒன்று உங்கள் வீட்டில் இருந்தால், கடைக்குக் கொண்டுபோகும் முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகளை இங்கே சொல்கிறேன். பெரும்பாலானவற்றுக்குத் திருப்புளிகூட வேண்டாம்.

படம் வரும் பாதை

திரையில் ஒரு எழுத்து தெரிவதற்குள் அது பல கை மாறுகிறது. எந்தப் புள்ளியில் என்ன நிறம் வேண்டும் என்று விண்டோஸ் கிராபிக்ஸ் சிப்பிடம் சொல்கிறது. இருவருக்கும் நடுவே நின்று பேசும் மென்பொருள்தான் டிரைவர். சிப் அந்தப் படத்தை வரைந்து நினைவகத்தில் வைக்கிறது. பெரும்பாலான பழைய லேப்டாப்களில் கிராபிக்ஸுக்கென்று தனி நினைவகம் கிடையாது. ரேமிலிருந்து ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். வரைந்து முடித்த படம் மதர்போர்டிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் வழியாகக் கீலைத் தாண்டி மூடிக்குள் போகிறது. பேனலின் விளிம்பில் ஒட்டியிருக்கும் சிறிய சர்க்யூட் பலகை அதை வாங்கி, வரிசை வரிசையாகப் புள்ளிகளுக்குப் பிரித்துத் தருகிறது. எல்சிடி புள்ளிகள் தாமாக ஒளிராது. பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால்தான் கண்ணுக்குத் தெரியும். அந்த வெளிச்சம்தான் பேக்லைட்.

குழாயில் தண்ணீர் வராவிட்டால் குழாயை உடனே கழற்றி எறிய மாட்டோம். தொட்டியில் இருக்கிறதா, நடுவில் வால்வு மூடியிருக்கிறதா என்று பார்ப்போம். இங்கேயும் அதே வேலைதான். பாதையை நடுவில் வெட்டிப் பார்த்து, படம் எதுவரை நன்றாக வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நடுவில் வெட்டிப் பார்க்கும் சோதனைகள்

முதல் சோதனைக்கு ஒரு மானிட்டரோ டிவியோ போதும். லேப்டாப்பின் பக்கவாட்டில் விஜிஏ அல்லது ஹெச்டிஎம்ஐ துளை இருக்கும். அதில் கேபிளை மாட்டி, விண்டோஸ் பொத்தானை அழுத்தியபடி 'பி' (P) எழுத்தைத் தட்டுங்கள். எந்தத் திரையில் காட்டுவது என்று கேட்கும் பட்டி வரும். இரண்டிலும் ஒரே படத்தைக் காட்டச் சொல்லும் 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெளித்திரையில் படம் சுத்தமாக வந்து, லேப்டாப் திரையில் மட்டும் கோடும் கறையும் இருந்தால் நல்ல செய்தி. சிப், ரேம், டிரைவர் மூன்றும் பெரும்பாலும் நலம். கோளாறு கேபிளிலோ பேனலிலோ இருக்கிறது. வெளித்திரையிலும் அதே கோடு, அதே கட்டம் கட்டமான கறை தெரிந்தால் பேனலை மாற்றிப் பயனில்லை. யார் என்ன சொன்னாலும் அந்த நிலையில் பேனலுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

இதே பட்டியில் 'இரண்டாம் திரை மட்டும்' என்று ஒரு தேர்வு உண்டு. ப்ரொஜெக்டரில் மாட்டி எடுத்தபின் அது அப்படியே நின்றுபோய், லேப்டாப் திரை இறந்துவிட்டதாக நினைத்தவர்கள் பலர். மானிட்டரை மாட்டிப் பார்த்து முதலில் இதை மாற்றி வையுங்கள்.

இரண்டாவது, பயாஸ் திரை. லேப்டாப்பை ஆன் செய்தவுடன், விண்டோஸ் வருவதற்கு முன்பே, எஃப்2 அல்லது டிலீட் பொத்தானைத் தட்டினால் ஒரு எளிய அமைப்புத் திரை வரும். கம்பெனிக்குக் கம்பெனி பொத்தான் மாறும். அங்கே விண்டோஸும் இல்லை, விண்டோஸின் டிரைவரும் இல்லை. அந்தத் திரையிலேயே கோடு விழுந்தால் மென்பொருளைக் குறை சொல்ல வழியில்லை; வன்பொருள்தான். ஆனால் பயாஸில் சுத்தமாக இருந்தால் வன்பொருள் நலம் என்று முடிவு கட்டிவிட முடியாது. பயாஸ் திரை கிராபிக்ஸ் சிப்புக்கு வேலையே கொடுப்பதில்லை. சூடேறி, பாரம் ஏறும்போது மட்டும் தடுமாறும் சிப் அங்கே நல்ல பிள்ளையாகத்தான் நடந்துகொள்ளும்.

மூன்றாவதற்குச் செலவே இல்லை. கோடு தெரியும்போதே ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்தக் கோப்பைக் கைபேசிக்கு அனுப்பித் திறந்து பாருங்கள். ஸ்கிரீன்ஷாட் என்பது நினைவகத்தில் இருக்கும் படத்தின் நகல். கேபிளையும் பேனலையும் அது தொடுவதே இல்லை. கைபேசியில் படம் சுத்தமாக இருந்தால் கோளாறு அதற்குப் பிந்தைய இடத்தில். கைபேசியிலும் கோடு தெரிந்தால், படம் வரையப்படும்போதே கெட்டுவிட்டது: டிரைவர், சிப், நினைவகம் இவற்றில் ஒன்று. வெளி மானிட்டர் கிடைக்காதவர்கள் இதைக் கட்டாயம் செய்து பாருங்கள்.

டெல் லேப்டாப் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒரு வசதி. அணைத்த நிலையில் 'டி' (D) எழுத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவர் பொத்தானை அழுத்தினால், பல மாடல்களில் பேனலின் சுயசோதனை ஓடும். திரை முழுக்க சிவப்பு, பச்சை, நீலம் என்று நிறங்கள் மாறி மாறி வரும். நிறங்கள் கறையில்லாமல் வந்தால் பேனல் நலம்.

திரை முழு இருட்டாக இருந்தால்

லேப்டாப் ஆன் ஆகிறது, விளக்கு எரிகிறது, ஃபேன் சுற்றுகிறது, திரை மட்டும் கறுப்பு. இந்த நிலையில் அறையின் விளக்கை அணைத்துவிட்டுக் கைபேசி டார்ச்சைத் திரைக்குப் பக்கத்தில் சாய்வாகப் பிடித்து உற்றுப் பாருங்கள். ஐகான்களோ எழுத்துகளோ மங்கலாக நிழல்போலத் தெரிகின்றனவா? தெரிந்தால் படம் பேனல் வரை வந்துவிட்டது, வெளிச்சம்தான் இல்லை. பேக்லைட் போயிருக்கிறது.

2010-ஐ ஒட்டிய காலத்துக்கு முந்தைய லேப்டாப் என்றால் பேக்லைட் பெரும்பாலும் சிசிஎஃப்எல் எனப்படும் மெல்லிய குழல்விளக்கு. அதற்கு உயர் மின்னழுத்தம் தர 'இன்வெர்ட்டர்' என்று ஒரு நீளமான சிறு பலகை மூடிக்குள் இருக்கும். ஆன் செய்ததும் திரை செம்மை கலந்த நிறத்தில் வந்து, சில நிமிடம் கழித்து வெளுத்தால் குழல் தேய்ந்துவிட்டது என்று பொருள். எரிந்து சில விநாடியில் அணைந்தால் இன்வெர்ட்டர், குழல் இரண்டில் எதுவாகவும் இருக்கலாம். இன்வெர்ட்டர் பல நூறு வோல்ட் தரும், குழலுக்குள் சிறிதளவு பாதரசம் இருக்கிறது. பழக்கமில்லாதவர்கள் அதைத் திறக்க வேண்டாம். அதற்குப் பின் வந்த லேப்டாப்களில் எல்இடி பேக்லைட். அதில் இன்வெர்ட்டர் கிடையாது. எல்இடி வரிசை, கேபிள், மதர்போர்டில் இருக்கும் ஒரு பொடி ஃபியூஸ் இவற்றில் ஒன்று போயிருக்கும்.

அந்த ஃபியூஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பேட்டரியைக் கழற்றாமலே திரைக் கேபிளைப் பிடுங்கி மாட்டினால் பேக்லைட்டுக்குப் போகும் மின்சாரம் பக்கத்து இணைப்பு ஊசியில் (பின்) பாய்ந்து அந்த ஃபியூஸ் எரியலாம். புதுப் பேனல் போட்ட பிறகும் திரை இருட்டாகவே இருக்கிறது என்றால் இது நடந்திருக்க வாய்ப்புண்டு. மூடியைத் திறக்கும் எவரும், கடைக்காரரே ஆனாலும், முதலில் சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரி இணைப்பையும் எடுக்க வேண்டும். பேட்டரி உள்ளே இருக்கும் மாடல் என்றாலும் இதில் விலக்கில்லை.

டார்ச் அடித்தும் நிழல்கூடத் தெரியவில்லை, வெளி மானிட்டரிலும் எதுவும் வரவில்லை என்றால் லேப்டாப் படம் வரையும் கட்டத்துக்கே போகவில்லை. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானை அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்துவிடும். பிறகு சார்ஜரை மட்டும் மாட்டி ஆன் செய்யுங்கள். வராவிட்டால் சார்ஜரை மீண்டும் பிடுங்கி, அடியிலிருக்கும் சிறு மூடியைத் திறந்து ரேம் பலகையை எடுத்து, அதன் தங்க நிறப் பற்களை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, காய்ந்தபின் 'கிளிக்' என்று உட்காரும்படி மாட்டுங்கள். இரண்டு பலகை இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். பல வருடம் ஓடிய லேப்டாப்பில் கறுப்புத் திரைக்கு ரேம் காரணமாக இருப்பது மிகச் சாதாரணம். ஆன் செய்ததும் 'பீப், பீப்' என்று ஒலி வந்தால் அது லேப்டாப் தன் நோயைச் சொல்கிறது. எத்தனை ஒலி, எத்தனை நீளம் என்று எண்ணி, அந்தக் கம்பெனியின் கையேட்டில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்னொரு எளிய காரணம், மூடி மூடியிருக்கிறதா என்று பார்க்கும் உணரி. மூடியில் ஒரு சிறு காந்தம், கீழே அதை உணரும் பாகம். காந்தம் வைத்த கைபேசி உறையையோ கைச்சங்கிலியையோ கீபோர்டுக்குப் பக்கத்தில் வைத்தால் லேப்டாப் தன்னை மூடிவிட்டதாக நினைத்துத் திரையை அணைத்துவிடும். அங்கே வைத்ததை எடுத்துவிட்டால் சரியாகிவிடும்.

கோடு, கறை, நடுக்கம்

மூடியை மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணத்தில் படம் சரியாகி, இன்னொரு கோணத்தில் கெட்டால் கேபிளைச் சந்தேகிக்கலாம். திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கேபிள் கீலுக்குள் மடங்கி நிமிர்கிறது. வருடக்கணக்கில் மடங்கி மடங்கி உள்ளே இழைகள் அறுபடும். சில நேரம் அறுந்திருக்காது, பேனல் பக்கம் இணைப்பு தளர்ந்திருக்கும். பிடுங்கி மாட்டினாலே போதும். கேபிள் பேனலைவிட மலிவு. திரை முழுக்கத் தூய வெள்ளையாக இருந்து படமே வராவிட்டாலும் முதலில் கேபிளைத்தான் பார்க்க வேண்டும்: வெளிச்சம் வருகிறது, செய்தி வரவில்லை.

மேலிருந்து கீழாக ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் நிற்கும் மெல்லிய கோடு வேறு வகை. அது பேனல் விளிம்பில், கண்ணாடியோடு ஒட்டியிருக்கும் நுண்ணிய இணைப்பு விட்டுப்போனதால் வருவது. சட்டத்தை லேசாக அழுத்தினால் கோடு மறையும், விட்டால் திரும்ப வரும். இதற்குப் பேனலை மாற்றுவதுதான் வழி. அழுத்தி அழுத்திச் சரிசெய்யப் பார்த்தால் ஒரு கோடு நான்காகும். அந்தக் கோடு வேலையைக் கெடுக்காத இடத்தில் இருந்தால் அப்படியே விட்டுவிடுவதுகூட நல்ல முடிவுதான்.

வெளிச்சத்தைக் குறைக்கும்போது மட்டும் திரை படபடத்து, முழு வெளிச்சத்தில் நின்றுவிடுகிறதா? பல பேனல்களில் வெளிச்சத்தைக் குறைப்பது என்பது பேக்லைட்டை மிக வேகமாக அணைத்து எரிப்பதுதான். அது கோளாறு இல்லை, ஆனால் சிலருக்குக் கண் வலிக்கும். வெளிச்சத்தைக் கூட்டி வைத்து, நிறங்களை மென்பொருளில் மங்கச் செய்துகொள்ளலாம். பேட்டரியில் ஓடும்போது மட்டும் படத்துக்கு ஏற்ப வெளிச்சம் கூடிக் குறைந்தால் அது இன்டெல் கிராபிக்ஸின் மின்சேமிப்பு ஏற்பாடு. இன்டெல் அமைப்புகளில் 'பவர்' பகுதிக்குப் போய் 'டிஸ்ப்ளே பவர் சேவிங்' என்பதை நிறுத்தினால் போதும்.

டிரைவரால் வரும் தொல்லை

எழுத்துகள் பெருத்து, படம் அகலமாக இழுபட்டு, 1366×768 போன்ற உங்கள் திரையின் சரியான அளவே (ரெசல்யூஷன்) பட்டியலில் இல்லாமல் 800×600, 1024×768 மட்டும் இருந்தால், 'டிவைஸ் மேனேஜர்' திறந்து 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' என்பதைப் பாருங்கள். அங்கே 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்றிருந்தால் சரியான டிரைவர் ஏறவில்லை. விண்டோஸ் கைவசமிருக்கும் பொதுவான ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருக்கிறது.

பழைய லேப்டாப்பில் இது ஏன் அடிக்கடி நடக்கிறது என்றால், டிரைவர் எழுதுவதைக் கம்பெனிகள் ஒரு கட்டத்தில் நிறுத்திவிடுகின்றன. 2011-இல் வந்த இரண்டாம் தலைமுறை இன்டெல் ப்ராசஸர்களின் ஹெச்டி 3000 கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 10-ஐ இன்டெல் அதிகாரபூர்வமாக ஆதரிக்கவில்லை; விண்டோஸ் அப்டேட் தரும் பழைய டிரைவரில்தான் அது ஓடுகிறது. ஏஎம்டி தன் ரேடியான் ஹெச்டி 5000, 6000 வரிசைகளை 2015-இல் பழைய பட்டியலுக்குத் தள்ளியது. ஆகவே பழைய சிப்புக்கு 'எது புதியதோ அது நல்லது' என்ற விதி பொருந்தாது. லேப்டாப் கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கென்று கொடுத்திருக்கும் டிரைவரை முதலில் போடுங்கள். ஏதோ ஒரு அப்டேட்டுக்குப் பிறகே தொல்லை தொடங்கியது என்றால், டிவைஸ் மேனேஜரில் அந்தச் சிப்பின் 'ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்தால் முந்தையது திரும்ப வரும். "எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்" என்று வரும் மென்பொருள்களை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பொருந்தாத டிரைவரை ஏற்றுவதும், கூடவே வேறு எதையாவது நிறுவுவதும் அவற்றின் வழக்கம்.

வேலை செய்துகொண்டிருக்கும்போதே திரை ஒரு கணம் கறுத்து, திரும்ப வந்து, 'டிஸ்ப்ளே டிரைவர் பதில் தராமல் நின்று மீண்டது' என்ற பொருளில் ஆங்கிலச் செய்தி வருவது உண்டு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து இப்படி ஒரு காவல் ஏற்பாடு இருக்கிறது: கிராபிக்ஸ் சிப் 2 விநாடிக்கு மேல் பதில் தராவிட்டால் விண்டோஸ் டிரைவரை மீண்டும் தொடங்கிவிடும். எப்போதாவது ஒரு தடவை வந்தால் கவலை வேண்டாம். தினமும் வந்தால் டிரைவர், சூடு, தேய்ந்த சிப் என்ற வரிசையில் பார்க்க வேண்டும். திரை உறைந்து நின்றுவிட்டால், விண்டோஸ் 10-இலும் 11-இலும் விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் மூன்றையும் பிடித்துக்கொண்டு 'பி' (B) தட்டுங்கள். இது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்து, திரையைத் தேர்ந்தெடுக்கும் அந்த 'பி' இல்லை. ஒரு சிறு ஒலியோடு டிரைவர் புதிதாகத் தொடங்கும். திறந்து வைத்த கோப்பு எதுவும் மூடாது.

குரோமில் மட்டும் திரை கிழிந்ததுபோல், கறுப்புக் கட்டங்களோடு தெரிந்தால் அதன் அமைப்புகளில் 'சிஸ்டம்' பகுதிக்குப் போய் கிராபிக்ஸ் முடுக்கத்தை நிறுத்துங்கள். யூடியூப் திக்கித் திணறி ஓடுவது இன்னொரு புகார். அதற்கும் பேனலுக்கும் தொடர்பில்லை. யூடியூப் இப்போது பெரும்பாலும் விபி9, ஏவி1 என்ற முறைகளில் சுருக்கிய வீடியோவை அனுப்புகிறது. பழைய சிப்களுக்கு ஹெச்.264 என்ற முந்தைய முறையை மட்டுமே வன்பொருளில் விரிக்கத் தெரியும். மற்றதை ப்ராசஸர் மூச்சுமுட்டச் செய்ய வேண்டும். பழைய முறையிலேயே அனுப்பச் சொல்லி யூடியூபைக் கேட்கும் 'ஹெச்264ஃபை' என்ற உலாவி நீட்சி உண்டு. போட்டுப் பாருங்கள். காலியாக இருக்கும் ரேம் துளையில் அதே அளவுள்ள இன்னொரு பலகையைப் போடுவதும் உதவும். ரேமைப் பங்கிட்டு வாழும் கிராபிக்ஸுக்கு இரண்டு பாதை கிடைத்தால் வேகம் கண்ணுக்குத் தெரியும்படி கூடும்.

டிரைவரா, சிப்பா என்று இன்னும் குழப்பம் தீரவில்லை என்றால் விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட்டை ஒரு பென்டிரைவில் ஏற்றி அதிலிருந்து லேப்டாப்பை ஓட்டிப் பாருங்கள். வன்தட்டில் எதையும் நிறுவ வேண்டாம். நிறுவாமலே முழுக் கணினியாக ஓடும். அதில் ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தும் கோளாறே வரவில்லை என்றால் விண்டோஸ் பக்கம்தான் குற்றம். லினக்ஸ் தொடங்கும்போதே திரை கறுத்தால் தொடக்கப் பட்டியில் இருக்கும் 'கம்பாட்டிபிலிட்டி மோட்' வழியாகப் போய்ப் பாருங்கள். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது, பெரும்பாலான பழைய லேப்டாப்களுக்கு விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கிடையாது. இந்தச் சோதனையில் லினக்ஸ் பிடித்துப்போனால் அதையே வைத்துக்கொள்ளலாம்.

சூடும் சிப்பும்

ஆன் செய்தவுடன் எல்லாம் சரி, கால் மணி நேரத்தில் கறை வருகிறது, நிற்கிறது. ஆறிய பிறகு மீண்டும் சரி. இப்படியென்றால் முதலில் தூசியைப் பாருங்கள். ஃபேனுக்கும் செம்புத் தகடுகளுக்கும் நடுவே தூசி கம்பளிபோலப் படிந்து காற்றை அடைத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, அடிமூடியைத் திறந்தால்தான் தெரியும். ஃபேன் இறக்கையைப் பல்குச்சியால் அசையாமல் பிடித்துக்கொண்டு காற்றடித்துச் சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைத் தகடுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்துபோயிருந்தால் அதைத் துடைத்துப் புதிதாகத் தடவினால் பல லேப்டாப்கள் பழைய நிலைக்கு வந்துவிடும். ஹெச்டபிள்யூஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பத்தைப் பார்க்கலாம். இன்டெல் சிப்கள் ஏறத்தாழ 100 டிகிரியை நெருங்கும்போது தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சும்மா இருக்கும்போதே 80 டிகிரியைத் தொட்டால் காற்றோட்டத்தில் தடை இருக்கிறது.

சுத்தம் செய்தும் கறை வருகிறது, வெளி மானிட்டரிலும் வருகிறது, லினக்ஸிலும் வருகிறது என்றால் கிராபிக்ஸ் சிப் தேய்ந்திருக்கிறது. தனிக் கிராபிக்ஸ் சிப் வைத்த பழைய லேப்டாப்களில் இது அதிகம். இதற்கு ஒரு வரலாறு உண்டு. 2008 ஜூலையில் என்விடியா, தன் முந்தைய தலைமுறை லேப்டாப் சிப்கள் சில வழக்கத்துக்கு மீறிப் பழுதாகின்றன என்று ஒப்புக்கொண்டு, அந்தச் செலவுக்காக 15 கோடி முதல் 20 கோடி டாலர் ஒதுக்குவதாக அறிவித்தது. சிப்பின் சிலிக்கன் துண்டை அதன் அடித்தளத்தோடு இணைக்கும் பொருள்கள் பலவீனமாக இருந்ததே காரணம் என்று சொன்னது. சூடேறி ஆறி, சூடேறி ஆறி அந்த நுண்ணிய இணைப்புகள் விரிசல் விட்டன. ஆப்பிள் 2011-இல் விற்ற பெரிய திரை மேக்புக் ப்ரோக்களில் ஏஎம்டி சிப் இருந்தது. அவற்றிலும் திரைக் கோளாறு பெருகி, 2015 பிப்ரவரியில் ஆப்பிள் இலவசப் பழுதுநீக்கத் திட்டம் அறிவித்தது.

இப்படிப்பட்ட சிப்பைச் சூடான காற்றடித்து 'உயிர்ப்பித்து'த் தருகிறோம் என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டு அடுப்பில் மதர்போர்டை வைத்துச் சுடும் வீடியோக்களும் சுற்றுகின்றன. சூடு பட்டதும் விரிசல் விட்ட இணைப்புகள் விரிந்து தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும், திரை வரும். சில வாரத்திலோ மாதத்திலோ மீண்டும் விட்டுப்போகும். 'ரீபாலிங்' என்று சிப்பின் அடியில் இருக்கும் ஈயக் குண்டுகளைப் புதிதாக வைப்பார்கள். விரிசல் அந்தக் குண்டுகளில் இருந்தால் அது பலன் தரும். விரிசல் சிப்பின் உள்ளே, சிலிக்கனுக்கும் அடித்தளத்துக்கும் நடுவே இருந்தால் வெளியே எத்தனை குண்டு மாற்றினாலும் பயனில்லை. அதற்குப் புதுச் சிப்பே போட வேண்டும். பத்து வருட லேப்டாப்புக்கு அந்தச் செலவு தகாது என்பது என் உறுதியான கருத்து. அடுப்பில் வைப்பதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். பிளாஸ்டிக்கும் சாலிடரும் புகைந்த அடுப்பில் பிறகு சமைக்க முடியாது.

தப்பிக்க ஒரு வழி இருக்கிறது. சில லேப்டாப்களில் இன்டெல் கிராபிக்ஸ் ஒன்று, கூடவே என்விடியா அல்லது ஏஎம்டி ஒன்று என இரண்டு சிப் இருக்கும். 2010-க்குப் பின் வந்த இத்தகைய லேப்டாப்கள் பலவற்றில் திரை இணைந்திருப்பது இன்டெல்லோடுதான். டிவைஸ் மேனேஜரில் மற்றதன் மேல் வலச்சொடுக்கி 'டிசேபிள்' கொடுங்கள்; பயாஸிலேயே அணைக்கும் வசதி இருந்தால் இன்னும் நல்லது. விளையாட்டு ஓடாது. எழுத்து வேலை, இணையம், வீடியோ எல்லாம் ஓடும்.

பேனல் வாங்கும்போது

கோளாறு பேனலில்தான் என்று உறுதியான பிறகு, லேப்டாப் மாடல் பெயரைச் சொல்லிப் பேனல் கேட்காதீர்கள். ஒரே மாடலிலேயே கம்பெனிகள் வேறு வேறு பேனல் போட்டிருக்கும். திரையின் சட்டத்தைக் கழற்றிப் பேனலின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 156 என்று வந்தால் 15.6 அங்குலம், 140 என்று வந்தால் 14 அங்குலம். அதைவிட முக்கியம் இணைப்பு வகை. பழையவை எல்விடிஎஸ், பெரும்பாலும் 40 பின். பிந்தையவை ஈடிபி, பெரும்பாலும் 30 பின். 2010 டிசம்பரில் இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவோ, சாம்சங், எல்ஜி ஆகியவை சேர்ந்து எல்விடிஎஸ்ஸைக் கைவிடப்போவதாக அறிவித்தன. அதனால் 2011 முதல் சில வருடத்து லேப்டாப்களில் இரண்டு வகையும் கலந்து கிடக்கின்றன. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாது. சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் அந்த எண்ணைக் காட்டினால் புதிதும் கிடைக்கும், கழற்றியெடுத்த பழையதும் கிடைக்கும். பழையது வாங்கினால் கடையிலேயே மாட்டி, வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழுத்திரை நிறங்களை ஓட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். இறந்த புள்ளிகளும் அழுத்தக் கறைகளும் அப்போது தெரிந்துவிடும்.

பேனலுக்குச் செலவிட மனமில்லை, வெளி மானிட்டரில் படம் சுத்தமாக வருகிறது என்றால் அந்த லேப்டாப்பை மேஜைக் கணினியாக வைத்துக்கொள்ளலாம். 'பவர் ஆப்ஷன்ஸ்' போய், மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற இடத்தில் 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். யுஎஸ்பி கீபோர்டும் மவுஸும் மாட்டிக்கொள்ளுங்கள். சில மாடல்களில் பயாஸ் திரை வெளி மானிட்டரில் வராது. பேனலைக் கழற்றி எடுக்கும் எண்ணம் இருந்தால், அதற்கு முன்பே பயாஸில் செய்ய வேண்டிய மாற்றங்களைச் செய்துவிடுங்கள். கீபோர்டு வழியாகவும் வெப்பம் வெளியேறும் மாடல்களில் மூடியை முழுக்க மூடாமல் ஒரு விரல் அளவு திறந்து வையுங்கள்.